பட்டிவீரன்பட்டிப் பாண்டியன்

கொடைக்கானலுக்குப் போகிறவர்களிலே பெரும்பாலோர் வத்தலக்குண்டு வழியாகப் போகிறார்கள். குளிரைத் தேடிப் போகிறார்கள். ஏரியைக் காணப் போகிறார்கள். ஏரியிலே படகு விட்டு, குதிரையிலே ஏறி, பேரிக்காயும் பிளம்ஸும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். போகட்டும், உழைத்துக் களைத்தவன் இரண்டு நாள் குளிர்ந்த காற்றை அனுபவிப்பதிலே குற்றமில்லை. ஆனால் அதே வத்தலக்குண்டுக்குப் பக்கத்திலே, அதே பழநி மலைத் தொடரின் அடிவாரத்திலே, பட்டிவீரன்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊருக்கு யாரும் உல்லாசப் பயணம் போவதில்லை. ஆனால் அங்கே பிறந்த ஒரு மனிதரை விட்டுவிட்டு, சுயமரியாதை இயக்கத்தின் கதையை யாரும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது.

அவர்தான் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். அந்நாளைய ஏடுகள் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் என்று எழுதும். 1893-இல் பிறந்தார், 1953-இல் மறைந்தார். நமது கிளைக் கழகங்களிலே, படிப்பகங்களிலே, எத்தனை சுவரில் அவர் படம் தொங்குகிறது? எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும். ஆகவேதான் அவரைப் பற்றி எழுதுகிறோம். புகழ் பாட மட்டும் எழுதவில்லை. அவர் மீது வீசப்பட்ட கண்டனங்களையும் எடுத்து வைத்து, எது நிற்கிறது, எது விழுகிறது என்று பார்க்கவே எழுதுகிறோம்.

முதலில் அந்த மலையைப் பார்ப்போம். பழநி மலைக்கு இரண்டு தட்டுக்கள். மேல்தட்டு கொடைக்கானல். 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் அங்கே பங்களா கட்டிக் குடியேறினார்கள். பின்னாலேயே கலெக்டர்கள் வந்தார்கள். மதுரை ஜில்லா கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் என்பவர், அயர்லாந்து நாட்டுப் பிரபு வம்சத்தைச் சேர்ந்தவர், 1863-இல் ஓடைக்குக் கரை போட்டு, இன்று நாம் காணும் ஏரியை உண்டாக்கினார். உண்டாக்கினார் என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்த நாளில் மோட்டார் பாதை ஏது? துரைமார்களும் துரைசானிமார்களும் நாற்காலியிலே உட்கார்ந்து கொள்ள, அந்த நாற்காலியைத் தோளிலே தூக்கிக்கொண்டு மலைப்பாதையிலே மூச்சு வாங்க ஏறியவன் நம்மவன். உட்கார்ந்து போனவர் பெயர் ஊர் வரலாற்றிலே இருக்கிறது. தூக்கிப் போனவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

கீழ்த்தட்டு வேறு உலகம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை என்று விரியும் கீழ்ப்பழநி மலை. அங்கே காப்பியும், ஆரஞ்சும், மிளகும், மலை வாழையும் விளையும். அந்தக் காட்டைத் திருத்திக் காப்பி வைத்தவர்களிலே முன்னணியில் நின்றவர்கள் பட்டிவீரன்பட்டி நாடார் குடும்பத்தினர். மேலே விளைந்த காப்பி கீழே இறங்கி வந்து பட்டிவீரன்பட்டியிலே பதமாகி, பட்டணம் போயிற்று. அப்படிக் காப்பியால் செழித்த குடும்பம் ஒன்றிலேதான் சௌந்தரபாண்டியன் பிறந்தார். வறுமையைக் கண்டு வளர்ந்தவரல்ல. பசி அவரைப் பொதுவாழ்வுக்குத் தள்ளவில்லை. பின் எது தள்ளிற்று? பணத்தால் துடைக்க முடியாத ஓர் இழிவு தள்ளிற்று.

அது என்ன இழிவு? அவர் நான்கு வயதுப் பிள்ளையாக இருந்தபோது, 1897-இல், கமுதியிலே நாடார்கள் சிலர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். நுழைந்தது குற்றமாம்! கோயில் தீட்டுப்பட்டு விட்டதாம்! சேதுபதி மன்னர் வழக்குத் தொடுத்தார். மதுரைக் கோர்ட்டு, சென்னை ஹைக்கோர்ட்டு, அதற்கும் மேலே கடல் கடந்து இலண்டனில் பிரிவி கவுன்சில் என்று பதினோரு ஆண்டுகள் நடந்தது அந்த வழக்கு. 1908-இல் முடிவு வந்தது: நுழைய உரிமை இல்லை! சாமிக்கு முன்னால் நிற்க நமக்குத் தகுதியில்லை என்பதை, ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த வெள்ளைக்கார நீதிபதிகள் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை! இடையிலே, 1899 ஜூன் மாதத்தில், சிவகாசி சூறையாடப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. எதற்காக? பனையேறிப் பிழைத்த மக்கள் வணிகத்திலே முன்னேறினார்கள், முன்னேறியதும் நிமிர்ந்தார்கள், நிமிர்ந்ததும் பொறுக்கவில்லை.

அந்த மக்கள் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. ஊருக்கு ஊர் பேட்டை அமைத்தார்கள். மகமை என்று ஒரு பொதுநிதி சேர்த்தார்கள். வணிகத்திலே வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று எடுத்து வைத்து, அதிலே கிணறும் பள்ளிக்கூடமும் கண்டார்கள். 1910-இல் பொறையாறு இரத்தினசாமி நாடார் முயற்சியால் நாடார் மகாஜன சங்கம் தோன்றிற்று. அந்தச் சங்கத்தின் வழியாகத்தான் இளைஞர் சௌந்தரபாண்டியன் பொதுவாழ்விலே காலடி வைத்தார். விரைவிலேயே அதன் தலைமை வரிசைக்கு வந்தார். சென்னைச் சட்டசபையிலும் நியமன அங்கத்தினராக, முப்பது வயது நிரம்புவதற்கு முன்பே இடம் பெற்றார்.

இங்கேதான் முதல் கண்டனம் எழுகிறது. சாதிச் சங்கத்திலே பிறந்த தலைவர்தானே, அவர் எப்படிச் சாதி ஒழிப்பு வீரர் ஆவார் என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானது. ஒதுக்கிவிட வேண்டாம். அந்தச் சங்கம் சர்க்காரிடம் பலகாலம் வற்புறுத்திய கோரிக்கைகளிலே முக்கியமானது பெயர் பற்றியது. சர்க்கார் ஏடுகளிலே சாணார் என்று எழுதி வந்தார்கள். அதை மாற்றி நாடார் என்று எழுதுங்கள் என்பது கோரிக்கை. 1921-இல் சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. எவ்வளவு மனு, எவ்வளவு மாநாடு, எவ்வளவு அலைச்சல்! ஒரு சமுதாயம் மானத்தோடு தலை நிமிர்ந்து சூட்டிக்கொண்ட பெயர் அது. அந்த வெற்றியிலே பங்கு கொண்டவர் சௌந்தரபாண்டியன். அந்தப் பெயரை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதற்கு வருவோம்.

இதற்கிடையிலே ஈரோட்டிலே ஒரு புயல் கிளம்பியது. 1925-இல் குடி அரசு ஏடு தோன்றிற்று; அதே ஆண்டு காஞ்சிபுரம் மாநாட்டிலே வகுப்புவாரித் தீர்மானத்துக்கு வழியில்லை என்றதும் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். பதவி கேட்க ஒரு கட்சி ஏற்கெனவே இருந்தது, அது நீதிக்கட்சி. மானம் கேட்க ஓர் இயக்கம் பிறந்தது. அது சுயமரியாதை இயக்கம். நீதிக்கட்சியின் செல்வர்களிலே பலர் அந்த இயக்கத்தைத் தூரத்தில் நின்று பார்த்தார்கள். கோயிலையும் புராணத்தையும் கிண்டுகிறார்களே, நமக்கேன் வம்பு என்று ஒதுங்கினார்கள். பட்டிவீரன்பட்டிச் செல்வர் ஒதுங்கவில்லை. உள்ளே வந்தார். வந்ததோடு நில்லாமல், முன்னாலே வந்து நின்றார்.

1929 பிப்ரவரி 17, 18 நாட்களில் செங்கற்பட்டிலே முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடிற்று. அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சௌந்தரபாண்டியன். பெண்ணுக்கும் ஆணைப்போலச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம். பதினாறு வயது நிரம்பாத பெண்ணுக்கு மணம் கூடாது என்று தீர்மானம். விதவைக்கு மறுமணம் என்று தீர்மானம். நாடு விடுதலை பெற்று ஒன்பதாண்டுகள் கழித்து, 1956-இல்தான் இந்துப் பெண்ணின் வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதிலும் பூர்வீகச் சொத்திலே மகளுக்குச் சமபங்கு தர, 1989 வரை தமிழ்நாடும், 2005 வரை டில்லியும் காத்திருந்தன. செங்கற்பட்டு எவ்வளவு தூரம் முன்னாலே பார்த்தது என்பதற்கு இந்த ஆண்டுக் கணக்கே சான்று.

அந்த மாநாட்டின் இன்னொரு தீர்மானம்: பெயருக்குப் பின்னாலே ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பட்டத்தைக் கழற்றி எறிய வேண்டும் என்பது. சௌந்தரபாண்டியன் கழற்றினார். எந்தப் பட்டத்தை? 1921-இல் சர்க்காரோடு வழக்காடி வாங்கினார்களே, அந்தப் பட்டத்தை! கமுதியின் அவமானத்துக்கும் சிவகாசியின் சாம்பலுக்கும் பதிலாகச் சூட்டிக்கொண்டார்களே, அந்தப் பட்டத்தை! எட்டே ஆண்டுகள்.

தோழர்களே, இதன் பொருளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பிறப்பிலேயே பெருமை பெற்ற சாதியிலே வந்தவன் பட்டத்தைத் துறப்பது ஒருவகைத் துறவு. அவனுக்குப் பட்டம் போனாலும் மதிப்பு போகாது. அக்கிரகாரமும் அவனுக்கு வழிவிடும், அங்காடியும் வழிவிடும். ஆனால் நேற்றுவரை இழித்துப் பேசப்பட்டவன், இன்றுதான் ஒரு மதிப்பான பெயரைப் பெற்றவன், அதை எடுத்து வைத்துவிட்டு, வெறும் மனிதனாக நிற்கிறேன் என்பது வேறுவகை. அந்தப் பட்டம் அவருக்குப் படிக்கட்டாக இருந்தது; ஏறியபின் அந்தப் படியிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளவில்லை அவர். சாதிச் சங்கத்திலே பிறந்த தலைவர் என்ற கண்டனத்துக்குப் பதில் இதுதான். பிறந்த இடம் அதுதான். நின்றுவிட்ட இடம் அதுவல்ல.

ஏறியவர் திரும்பிக் கீழே பார்த்தாரா? இதுதான் அடுத்த கேள்வி. இதுதான் பெரிய கேள்வியும்கூட. நாட்டிலே ஏணி ஏறிய சாதிகள் பல. ஏறி முடித்ததும் ஏணியை உதைத்தவை அதைவிடப் பல. கோயிலுக்குள் விடவில்லை என்று கோர்ட்டுக்குப் போனவன், தன் தெருக் கிணற்றிலே ஆதிதிராவிடனை விடுவதில்லை. இந்தக் கொடுமையை எந்தச் சாதியின் பெயராலும் மூடி மறைக்க முடியாது.

1920-களின் கடைசியில், இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைமை சௌந்தரபாண்டியனிடம் வந்தது. 1910-இல் அமைந்த அந்த ஜில்லாவுக்குள்தான் கமுதி இருந்தது, சிவகாசியும் இருந்தது, விருதுநகரும், சாத்தூரும், அருப்புக்கோட்டையும் இருந்தன. எந்த மண்ணிலே தன்னுடைய மக்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்களோ, அந்த மண்ணின் சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் அவர் அதிகாரி ஆனார்.

ஜில்லா போர்டு என்றால் என்னவென்று இந்தக் காலத்து இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். சாலை போடுவது, பள்ளிக்கூடம் நடத்துவது, மருத்துவசாலை வைப்பது எல்லாம் அன்று ஜில்லா போர்டு. அந்தச் சாலையிலே ஓடிய பஸ்கள் தனியார் முதலாளிகளுடையவை. சாலை போர்டுடையது, ஆகவே ஓட்ட அனுமதி போர்டின் கையில். அந்த பஸ்களிலே ஆதிதிராவிடரை ஏற்றுவதில்லை! ஏற்ற மாட்டோம் என்று டிக்கெட்டிலேயே அச்சடித்த காலம் அது. காசு கொடுத்தாலும் இடமில்லை. சந்தைக்குப் போக வேண்டுமா, நட. கோர்ட்டுக்குப் போக வேண்டுமா, நட. பிள்ளை பெற முடியாமல் துடிக்கும் பெண்ணை மருத்துவசாலைக்குக் கொண்டுபோக வேண்டுமா, தூக்கிக்கொண்டு நட. மலையிலே துரையைத் தூக்கிச் சுமந்த அதே தோள், சமவெளியிலே தன் மனைவியைச் சுமந்து நடக்க வேண்டும். பக்கத்திலே புழுதியைக் கிளப்பிக்கொண்டு பஸ் போகும்.

சட்டம் இல்லையா? இருந்தது. 1924-இலேயே இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையிலே தீர்மானம் கொண்டுவந்து, பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் பொது என்று சர்க்கார் உத்தரவும் வந்துவிட்டது. உத்தரவு கோட்டையிலே இருந்தது. பஸ் இராமநாதபுரத்திலே ஓடிற்று. இரண்டுக்கும் இடையிலே முந்நூறு மைல்!

அந்தத் தூரத்தைக் கடந்தவர் சௌந்தரபாண்டியன். ஆதிதிராவிடரை ஏற்றாத பஸ்ஸுக்கு இந்த ஜில்லாவின் சாலையிலே அனுமதி இல்லை என்று உத்தரவு போட்டார். அவ்வளவுதான். உபதேசம் இல்லை, உருக்கமான வேண்டுகோள் இல்லை. பஸ் முதலாளிக்குச் சாஸ்திரம் தெரியுமோ தெரியாதோ, கணக்குத் தெரியும். அனுமதி போனால் தொழில் போகும். தீட்டு பறந்தது, பஸ் கதவு திறந்தது.

இங்கே அயர்லாந்துக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நாட்டிலே பார்னல் என்று ஒரு தலைவர் இருந்தார். அவரே ஒரு நிலப்பிரபு. கிராமப்புறத்திலே பண்ணையும் மாளிகையும் உடையவர். பெரும்பாலான குடியானவர்களின் மதத்தைச் சேர்ந்தவரும் அல்ல. ஆனாலும் 1879-இல் நிலச் சங்கத்தின் தலைவரானார். குத்தகை கட்ட முடியாத குடியானவனை விரட்டிவிட்டு, அவன் நிலத்தை எடுத்துக்கொள்ள ஒருவன் வந்தால், அவனோடு பேசாதே, பழகாதே, கொடுக்கல் வாங்கல் வைக்காதே என்று 1880-இல் மக்களுக்குச் சொன்னார். அந்த ஆண்டே பாய்காட் என்ற பண்ணை ஏஜெண்டு ஒருவருக்கு அந்தத் தண்டனை கிடைத்தது. அறுவடைக்கு ஆளில்லை, கடையிலே சாமான் இல்லை, தபால் கொண்டுவருபவனும் இல்லை. அவர் பெயரே பகிஷ்காரத்துக்கு ஆங்கிலச் சொல்லாக நிலைத்துவிட்டது. பார்னலும் கண்டனத்துக்குத் தப்பவில்லை. 1890-இல் இன்னொருவர் மனைவியின் விவாகரத்து வழக்கிலே அவர் பெயர் அடிபட்டது. கட்சி இரண்டாகப் பிளந்தது. மறு ஆண்டே, நாற்பத்தைந்து வயதிலே மறைந்தார். ஆனாலும் அயர்லாந்துக் குடியானவன் அவரை மறக்கவில்லை. தன்னுடைய வர்க்கத்தின் வேலியைத் தாண்டி வந்து தன் பக்கம் நின்றவர் என்பதை அவன் அறிவான்.

எதற்காக இந்தக் கதை? அங்கே எளியவர்கள் கூடி வலியவனை ஒதுக்கி வைத்தார்கள். அதற்குப் பெயர் போராட்டம். இங்கே வலியவர்கள் கூடி எளியவனை ஒதுக்கி வைத்தார்கள். அதற்குப் பெயர் தர்மம்! அயர்லாந்திலே ஒதுக்கல் சில மாதம் நடந்தது. இங்கே தலைமுறை தலைமுறையாக நடந்தது. அந்த ஒதுக்கலை எடுத்து, ஒதுக்கியவர்கள் மீதே திருப்பி வைத்தார் சௌந்தரபாண்டியன். ஆதிதிராவிடனைச் சாலையோரம் நிறுத்தும் பஸ்ஸை, நானும் சாலையோரம் நிறுத்துகிறேன் என்பதுதான் அந்த உத்தரவின் உட்பொருள்.

இனி மற்றக் கண்டனங்களுக்கு வருவோம். வெள்ளைக்காரன் நியமித்த அங்கத்தினர், வெள்ளைக்காரனுக்கு வேண்டியவர் என்பது இரண்டாவது கண்டனம். நியமனம் உண்மை. ஆனால் அன்றைய தேர்தல் எப்படிப்பட்டது? சொத்தும் வரியும் உள்ளவனுக்கே ஓட்டு. சென்னை மாகாணத்திலே நாலு கோடிக்கு மேற்பட்ட மக்கள்; ஓட்டர்கள் ஏறத்தாழப் பன்னிரண்டு லட்சம். நூற்றுக்கு மூன்று பேர்! அந்த மூன்று பேரிலே மேல்சாதியும் மிராசும்தான் மிகுதி. பிற்பட்ட மக்களின் குரல் சபைக்குள் போக, அன்று திறந்திருந்த கதவுகளிலே நியமனமும் ஒன்று. அதன் வழியாகப் போனார். போனவர் உள்ளே என்ன செய்தார் என்பதை வைத்துத்தான் எடை போட வேண்டும்.

ஆனால் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அதே காலத்திலே விருதுநகரிலே, அதே சமுதாயத்திலே பிறந்த இளைஞர் காமராசர் காங்கிரசுக் கொடியைப் பிடித்துக்கொண்டு 1930-இல் சிறை சென்றார். வசதி படைத்த வணிகர்கள் நீதிக்கட்சிப் பக்கம் நின்றார்கள். வசதியற்ற அந்த இளைஞர் எதிர்ப்பக்கம் நின்றார். 1939-இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஆதிதிராவிடரையும் நாடாரையும் அழைத்துச் சென்றவர் காங்கிரசுக்காரரான வைத்தியநாத ஐயர். இவற்றையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இல்லை என்றால், நாம் வரலாறு எழுதவில்லை, வால்போஸ்டர் எழுதுகிறோம் என்றாகும். அந்நியனை விரட்டும் போராட்டத்திலே நீதிக்கட்சி சேரவில்லை. மக்கள் அதற்குத் தீர்ப்பும் சொன்னார்கள். 1937 தேர்தலிலே 215 இடங்களிலே 159 இடங்கள் காங்கிரசுக்கு. நீதிக்கட்சி நொறுங்கிற்று. அந்தக் கட்சியின் தோல்வியிலே சௌந்தரபாண்டியனுக்கும் பங்கு உண்டு. அரசியலிலே சரிந்தார்கள், ஆனால் திறந்த பஸ் கதவை யாரும் மீண்டும் சட்டப்படி மூட முடியவில்லை.

மூன்றாவது கண்டனம் நம்முடைய தொழிலாளத் தோழர்கள் எழுப்ப வேண்டிய கண்டனம். அவர் தோட்ட முதலாளி. காப்பிப் பழம் தானாகப் பறிந்து மூட்டையிலே விழுவதில்லை. மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று பறிப்பவள் ஒரு பெண். மூட்டை தூக்குபவன் ஓர் ஆண். அவர்களுக்குக் குடியிருப்பும், குடிநீரும், மருத்துவமும் சட்டப்படி தர வேண்டும் என்று ஆனது 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேதான். சுயமரியாதை இயக்கத்துக்குள்ளேயே இந்தக் கேள்வி வெடித்தது. 1932-இன் இறுதியில், பெரியார் சோவியத் நாட்டைப் பார்த்துத் திரும்பிய பின், சிங்காரவேலர் துணையோடு ஈரோட்டிலே சமதர்மத் திட்டம் வகுத்தபோது, இயக்கத்திலிருந்த செல்வர்களிலே பலர் தயங்கினார்கள். சாதி ஒழிய வேண்டும் என்றபோது கைதட்டிய கைகள், சொத்து பற்றிப் பேச்சு வந்ததும் மடிந்துகொண்டன. முதலாளிகள் தோள் கொடுத்து வளர்த்த எந்தச் சீர்திருத்த இயக்கத்துக்கும் இந்த எல்லை உண்டு. சௌந்தரபாண்டியனை அந்த எல்லைக்கு அப்பால் நின்றவராக நாம் சித்தரிக்கவில்லை. பஸ்ஸிலே சம இடம் கிடைத்தவன், டிக்கெட்டுக்குக் காசு எங்கே என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்கு விடை காண்பது அடுத்த தலைமுறையின் வேலையாக மிஞ்சிற்று. இன்றும் முடியவில்லை.

நான்காவது கண்டனம் அவருடைய சொந்த மக்களிடமிருந்தே வந்தது. பக்தி மிகுந்த வணிகச் சமுதாயம் அது. கோயில் கட்டுவதிலும் கொடை நடத்துவதிலும் பெருமை கண்ட பெரியவர்கள், நமக்குக் கோயில் வாசலைத் திறந்து விடுவார் என்று நம்பினோமே, இவர் கோயிலே வேண்டாம் என்பவர்களோடு சேர்ந்துவிட்டாரே என்று மனம் கசந்தார்கள். அவர்கள் கேட்டது இடம். இவர் கேட்டது சமத்துவம். மேல்வரிசையிலே நமக்கு ஒரு நாற்காலி போடு என்பது ஒன்று. வரிசையே வேண்டாம் என்பது வேறொன்று. எதிரியின் கல்லை மார்பிலே தாங்கலாம். சுற்றத்தாரின் முகச்சுளிப்பைத் தாங்குவதுதான் கடினம். பொதுவாழ்விலே இருக்கும் ஒவ்வொரு தோழரும் இதை வீட்டிலேயே அறிந்திருப்பார். பெண் எடுத்த வீடு, பெண் கொடுத்த வீடு, பங்காளி வீடு என்று எல்லா வீட்டுத் திண்ணையிலும் அவன் விசாரிக்கப்படுகிறான்.

பின்னாளில் மதுரை ஜில்லா போர்டின் தலைமையும் அவரிடம் வந்தது. 1944-இல் சேலத்திலே நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறிற்று. 1949-இல் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. மேடையும் மாறிற்று, மேடையில் நின்றவர்களும் மாறினார்கள். காப்பித் தோட்டத்துக் கனவானும், கோட்டுப் போட்ட சட்டசபை அங்கத்தினரும் இருந்த இடத்திலே, நெசவாளியின் மகனும், உழவனின் மகனும், ஆலைத் தொழிலாளியும் வந்து நின்றார்கள். அந்த மாற்றத்துக்கு வழி வெட்டியவர்களிலே ஒருவராக இருந்துவிட்டு, 1953 பிப்ரவரியிலே, அறுபது வயது நிரம்பும் முன்பே கண் மூடினார் சௌந்தரபாண்டியன்.

அவருக்கு நாடு என்ன நினைவுச் சின்னம் வைத்தது? சென்னை தியாகராய நகரிலே ஒரு கடைவீதி. சௌந்தரபாண்டியனார் அங்காடி என்று பலகை சொல்லும். மக்கள் வாய் பாண்டி பஜார் என்று சுருக்கிவிட்டது. புதுச்சேரிக்காரர்கள் வந்து கடை வைத்ததால் அந்தப் பெயர் என்று நினைப்பவர்களும் உண்டு. 2019-இல் அந்த வீதியை அழகுபடுத்தி, நடப்பவர்களுக்கு அகலமான நடைபாதை அமைத்தார்கள். வளையலும் சேலையும் வாங்கிக்கொண்டு அங்கே உலாவும் ஆயிரக்கணக்கானவர்களிலே, அந்தப் பாண்டி யார் என்று அறிந்தவர் எத்தனை பேர்? போகட்டும், ஒருவகையில் அதிலும் ஒரு பொருத்தம் உண்டு. யாரும் யாரையும் என்ன சாதி என்று கேட்காமல் தோளோடு தோள் உரசி நடக்கும் வீதி அது. அவர் கேட்டதும் அதுதானே!

ஆனால் அவர் உத்தரவு போட்ட அந்தப் பழைய இராமநாதபுரம் ஜில்லாவிலே, அவர் மறைந்து நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு, வீரன் சுந்தரலிங்கம் பெயரைக் கழக அரசு சூட்டிற்று. கட்டபொம்மன் படையிலே நின்று வெள்ளையனை எதிர்த்த வீரன். என்ன தவறு? அவன் ஒடுக்கப்பட்ட சாதியிலே பிறந்தவன், அதுதான் தவறு! அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸிலே ஏறமாட்டோம் என்றார்கள் சிலர். கலவரம் மூண்டது, உயிர்கள் பலியாயின. முடிவிலே அந்த ஆண்டே எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன.

எழுபது ஆண்டு இடைவெளியிலே இரண்டு காட்சிகள். அன்று, ஆதிதிராவிடன் ஏறினால் பஸ் தீட்டு. பின்னர், ஆதிதிராவிடன் ஏறலாம், அவனுடைய வீரன் பெயரைப் பஸ்ஸிலே எழுதினால் தீட்டு! உத்தரவு போட்டு ஆளை ஏற்ற முடிந்தது. பெயரை ஏற்ற முடியவில்லை. பஸ்ஸின் கதவைத் திறக்கச் சட்டம் போதும். நெஞ்சின் கதவைத் திறக்கச் சட்டத்தோடு இயக்கமும் வேண்டும். இயக்கம் தளர்ந்த இடத்திலே சாதி முளைக்கிறது. பதவிக்கு வந்த கைகளும் அதற்குத் தண்ணீர் ஊற்றியதுண்டு. தேர்தல் நெருங்கினால் எந்தத் தொகுதியிலே எந்தச் சாதி எத்தனை ஓட்டு என்று கணக்குப் பார்க்காத கட்சி எது?

இன்னொன்றும் நடக்கிறது. சௌந்தரபாண்டியன் 1929-இல் கழற்றி வைத்த பட்டத்தை, இன்று அவர் பெயரோடு மீண்டும் சேர்த்துப் போஸ்டர் அடிக்கிறார்கள், மாலை போடுகிறார்கள், எங்கள் சாதித் தலைவர் என்கிறார்கள். நன்றி உணர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் சாதியின் தலைவராக மட்டும் இருந்திருந்தால், தன் சாதிக்குப் பஸ்ஸிலே இடம் இருந்ததே, அத்தோடு நின்றிருப்பாரே! ஆதிதிராவிடனுக்காக ஏன் அனுமதியை ரத்துச் செய்ய வேண்டும்? அவரைச் சாதிச் சிமிழுக்குள் அடைப்பது, அவர் கையாலே செய்த ஒரே பெரிய துறவை அவரிடமிருந்து பறிப்பதாகும்.

ஆகவே தோழர்களே, படிப்பகச் சுவரிலே ஓர் இடம் ஒதுக்குங்கள்; அந்தப் படத்தின் கீழே பட்டம் இல்லாமல் பெயர் எழுதுங்கள். அது சின்ன வேலை. பெரிய வேலை வேறு இருக்கிறது. உங்கள் ஊர்த் தேநீர்க் கடையிலே எல்லோருக்கும் ஒரே டம்ளரா? முடிதிருத்தும் கடையிலே எல்லோருக்கும் ஒரே நாற்காலியா? ஊர்க் குளத்திலே, கோயில் தெருவிலே, சுடுகாட்டுப் பாதையிலே யாருக்காவது வழி மறுக்கப்படுகிறதா? பாருங்கள். மறுக்கப்பட்டால், மறுப்பவன் நம் சாதிக்காரனாக இருந்தால், முதலில் எழ வேண்டியது நம்முடைய குரல். அடுத்த சாதிக்காரன் கொடுமையைக் கண்டிப்பது எளிது. அதற்கு வீரம் வேண்டியதில்லை. தன் சாதிக்காரன் முன்னாலே எழுந்து நின்று, ஏற்றாத பஸ் ஓடாது என்று சொல்வதற்குத்தான் வீரம் வேண்டும்.

பழநி மலையிலே மேலே ஏறியவர் பலர். ஏறிய இடத்திலிருந்து திரும்பிக் கீழே கை நீட்டியவர் சிலர். அந்தச் சிலரிலே ஒருவர் பட்டிவீரன்பட்டிப் பாண்டியன். அவர் நீட்டிய கை இன்னும் நீண்டபடியே இருக்கிறது. பிடித்துக்கொண்டு அடுத்தவனுக்கு நாம் நீட்ட வேண்டும்.